நான்காவது ஆள்: தேசிய கிராஸ் கன்ட்ரி நாட்குறிப்பு

பிப்ரவரி 4, புதன்

அணிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. சனிக்கிழமை கிராஸ் கன்ட்ரி தேசியப் போட்டி. புல்லிலும் சேற்றிலும் மேட்டிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டம் அது. ஆறு பேர் ஓடுவோம். அவர்களில் முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அதற்கே வெற்றி. நேரம் கணக்கில் வராது, இடம்தான் கணக்கு.

பயிற்சி ஓட்டங்களை வைத்துப் பார்த்தால் நான் அணியின் நான்காவது ஆள். அந்த இடத்தை அற்பமாக நினைப்பவர்களோடு எனக்கு ஒருபோதும் ஒத்துப்போகாது. முன்னணியில் ஓடுபவர் ஐந்து விநாடி இழந்தால் ஓர் இடம் போகும், அவ்வளவுதான். நடுக்கும்பலில் அதே ஐந்து விநாடிக்குள் பத்துப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். அணியின் பதக்கம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது, அங்கேதான் கைநழுவுகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

மெதுஓட்டம் மட்டும். மாலையில் மழை பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 6, வெள்ளி

ஓடுபாதையை நடந்து பார்த்தோம். இரண்டு கிலோமீட்டர் சுற்று, ஐந்து முறை. பெண்களுக்கும் முழுப் பத்து கிலோமீட்டர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1973-இல் பெல்ஜியத்தின் வாரெகம் நகரில் முதல் உலக கிராஸ் கன்ட்ரி நடந்தபோது ஆண்கள் சுமார் 12 கிலோமீட்டர் ஓடினார்கள். பெண்களுக்குச் சுமார் 4 கிலோமீட்டர்தான் கொடுத்தார்கள். உலகப் போட்டியின் முதன்மைப் பந்தயத்தில் இரு பாலருக்கும் ஒரே தூரம் என்றானது 2017-இல், உகாண்டாவின் கம்பாலாவில். இவ்வளவு தாமதமாக வந்த நியாயத்தை ஓடித்தான் கொண்டாட வேண்டும்.

மேட்டைவிட, அதன் அடியில் இருக்கும் வளைவுதான் பொல்லாதது. உள்ளோரத்தில் புல் தேய்ந்து, மிதித்தால் கணுக்கால் வரை சேறு. வெளியோரமாகப் போனால் நான்கைந்து அடி கூடும். ஆனால் தரை கெட்டியாக இருக்கிறது. நான் வெளியோரம்தான் போகப்போகிறேன். ஸ்பைக்ஸ் காலணியில் இருந்த 9 மில்லிமீட்டர் முட்களைத் திருகி எடுத்துவிட்டு, 12 மில்லிமீட்டர் முட்களைப் பூட்டினேன். சேறு கவ்வினால் காலணி கழன்றுவிடும் என்பதால் நாடாவின் மேல் டேப்பும் சுற்றியாயிற்று.

மாஸ்டர் இரவு உகாண்டா ஓட்டக்காரர் ஜோஷுவா செப்டெகெயின் கதையைச் சொன்னார். அதே 2017 கம்பாலாவில், சொந்த மக்கள் முன்னால், ஆண்கள் பந்தயத்தில் தனியே முன்னேறியவர் கடைசிச் சுற்றில் கால் துவண்டு 30-ஆவது இடத்துக்குப் போனார். நிற்கவில்லை, முடித்தார். 2019-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸில் அவரே உலகச் சாம்பியன். “முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள்” என்று சொல்லத்தான் மாஸ்டர் அதை எடுத்தார். எனக்கு அந்த 30-தான் மனத்தில் நின்றது.

பிப்ரவரி 7, சனி

கை நடுங்குகிறது, இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

துப்பாக்கி வெடித்ததும் அகன்ற தொடக்கக் கோட்டிலிருந்து எல்லாரும் குறுகலான முதல் திருப்பத்தை நோக்கிப் பாய்ந்தோம். முழங்கைகள், தெறிக்கும் சேறு, யாரோ ஒருத்தியின் மூச்சு என் காதருகே. இரண்டாம் சுற்றில் கும்பல் இளகியது. வளைவில் ஒவ்வொரு முறையும் வெளியோரம் போனேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பேரைப் பிடித்தேன்.

நான்காம் சுற்றில் மேட்டின் பாதியில் எங்கள் தலைவி அக்காவின் முதுகு தெரிந்தது. அவர் எனக்கு வெகுதூரம் முன்னால் இருக்க வேண்டியவர். தோள்கள் ஏறியிருந்தன, வலது கை விலாவை அழுத்திக்கொண்டிருந்தது.

“அக்கா, என் கூடவே வாருங்கள்.”

“நீ போ. திரும்பிப் பார்க்காதே.”

போனேன். 24-ஆவதாக முடித்தேன். எங்கள் அணியில் இளையவள் 9, இன்னொருத்தி 17. நான்காவதாக அக்கா வர வேண்டும். கடைசி நேர்ப்பாதையில் நுழைந்தபோது இரண்டு பேர் அவரை நெருங்கிவிட்டார்கள். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கால் மட்டும் நிற்கவில்லை. இருவருக்கும் முன்னால் கோட்டைத் தாண்டி விழுந்தார். 38.

9, 17, 24, 38. மொத்தம் 88. மூன்றாம் இடத்துக்குப் போட்டியிட்ட அணிக்கு 3, 12, 27, 46. அதுவும் 88!

சமன் ஆனால் கணக்கில் சேரும் கடைசி ஆள் எந்த அணியில் முன்னால் வந்தாரோ அந்த அணிக்கே இடம் என்பது விதி. 46-க்கு முன்னால் 38. வெண்கலம் எங்களுக்கு.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்கா காலையில், “இவ்வளவு பின்னால் நான் வந்ததே இல்லை” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்த இருவரையும் விட்டிருந்தால் கூட்டுத்தொகை 90, பதக்கம் அடுத்த அணிக்கு. முடிவுத்தாளை அவர் முன்னால் விரித்து அதைக் கூட்டிக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். பிறகு, வளைவில் நான் எந்த ஓரமாகப் போனேன் என்று கேட்டார். வெளியோரம் என்றேன். தான் ஐந்து சுற்றும் உள்ளோரமாகவே போனதாகச் சொன்னார்.

புதன்கிழமை மேட்டுப் பயிற்சி. வருகிறாராம்.