டொல்பின் வேனும் மேலே வராத எக்ஸிலேட்டரும்

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் ஏறும்போது என் டொல்பின் வேனில் (டொயோட்டா ஹையேஸ்தான்) மிதித்த எக்ஸிலேட்டர், இறங்கும்போது காலை எடுத்தும் மேலே வரவில்லை. பின்சீற்றில் மனைவி, மாமி, ஒரு பை மீன். கிளச்சை மிதித்ததும் எஞ்சின் போட்ட அலறலில், பக்கத்துப் பழைய பாலத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நியூட்ரலுக்குத் தட்டி, பிரேக் பிடித்து, ஓரமாக நின்ற பிறகுதான் சாவியில் கைவைத்தேன். பதற்றத்தில் ஓட்டத்திலேயே சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டேரிங் பூட்டிக்கொள்ளும்.

என்னுடையது டொயோட்டாவின் ‘3எல்’ ரக டீசல் எஞ்சின், முன்சீற்றுக்கு அடியில் இருக்கும். கராச்சில் சீற்றைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தரம் உறுமவிட்டுக் கேட்டுவிட்டு, "பம்பைக் கழற்றி வேலை செய்யணும்" என்றார்கள், எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பை. கேட்ட காசுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கலாம்.

பக்கத்து வீட்டு அண்ணன் முன்பு பஸ் ஓட்டியவர். "தம்பி, முதல்ல எக்ஸிலேட்டர் கேபிளைக் கழற்றி விட்டுப் பாரு. மறுகா பம்பைப் பத்தி யோசிக்கலாம்" என்றார். எஞ்சினை நிறுத்தி, பெடலிலிருந்து வரும் கேபிளைப் பம்பு லீவரிலிருந்து கழற்றி, லீவரை விரலால் தள்ளிவிட்டேன். டக்கென்று திரும்பி வந்தது. பம்பில் குற்றமில்லை! கேபிளை இழுத்தால் வளைவில் இறுகி நின்றது. பெடல் பக்கம் மூன்று இழை அறுந்து கெளுத்தி முள்போல நீட்டிக்கொண்டிருந்தது. கடற்காற்றுத் துருவோடு என் கைங்கரியமும் சேர்ந்திருந்தது: முன்பு ஒருநாள் நான் அப்பிய கிறீஸ், தூசியோடு குழைந்து களியாகிக் கிடந்தது.

டவுனில் கேபிள் இல்லை. கல்முனைக்கு 40 கிலோமீற்றர் பஸ்ஸில் போய், மொடலை வாயால் சொல்லி வாங்கி வந்தேன். பூட்டப்போனால் ஒரு சாண் கட்டை. மறுநாள் பழைய கேபிளையே கையில் கொண்டுபோய், இரண்டையும் பக்கத்தில் பிடித்து அளந்து மாற்றினேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும்.

பூட்ட அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கேபிளில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். இறுக்கினால் சும்மா நிற்கும்போதே எஞ்சின் வேகமாக ஓடும். எஞ்சினை ஓடவிடுமுன் பெடலைப் பத்துத் தரமாவது அடிவரை மிதித்து, லீவர் முழுக்கத் திரும்புகிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு மகன் பார்த்தான். ஏழாவது மிதியில் மறுபடி சிக்கியது. நெஞ்சு திக்கென்றது. குனிந்து பார்த்தால் கால்மிதி ரப்பர் பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்தது.

பழைய கேபிளை எறியவில்லை. அடுத்த தடவை அளவுக்கு வேண்டும், சீற்றுக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறேன்.