முன்பு இருந்தவர் எரித்த கரண்டுக்கு நம் பெயரில் பில்: லண்டனில் வீடு மாறியபோது

சாவி வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை, "தி ஆக்குபையர்" (குடியிருப்பவர்) என்று பெயர் போட்டு ஒரு கரண்ட் பில். தொடக்க ரீடிங் 46900. குடிவந்த அன்று மீட்டரில் இருந்ததோ 48213. இடையில் 1313 யூனிட். யூனிட்டுக்கு 25 பென்ஸ் என்று வைத்தாலே 328 பவுண்ட், வேறு யாரோ எரித்தது.

46900க்குப் பக்கத்தில் பொடியாக 'இ' என்று இருந்தது. எஸ்டிமேட்டட், அதாவது குத்துமதிப்பு. 'சி' என்றால் நாம் கொடுத்த ரீடிங். பில் வந்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

வீட்டுக்கு ஏற்கெனவே கரண்ட் கொடுத்துவரும் பழைய கம்பெனியோடு நாம் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லைதான். ஆனாலும் குத்தகை தொடங்கிய நாளிலிருந்து 'டீம்ட் கான்ட்ராக்ட்', அதாவது கையெழுத்து இல்லாமலே இருப்பதாகக் கருதப்படும் ஒப்பந்தம், தானாக வந்துவிடும். பெட்டி பிரிக்காத நாளுக்கும் ஸ்டாண்டிங் சார்ஜ் (தினசரி நிலைக் கட்டணம்) உண்டு. ஒரே ஆறுதல், விலகுவதற்கு எக்ஸிட் ஃபீ கிடையாது.

போனில் முதலில் கிடைத்தவர், முன்பு இருந்தவரின் அக்கவுண்ட் நம்பர் கேட்டார். அது நமக்கு எப்படித் தெரியும்? தெரியவும் வேண்டியதில்லை. "சேஞ்ச் ஆஃப் டெனன்ஸி" (குடியிருப்பவர் மாற்றம்) என்ற வார்த்தையைச் சொல்லி, வீட்டின் கரண்ட் இணைப்புக்கான எம்பான் நம்பரைக் கொடுத்தால் போதும். பில்லில் 'எஸ்' எழுத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில், கீழ்வரிசை 13 இலக்கம். லண்டன் நகர்ப்பகுதியில் 12 என்று தொடங்கும். கேஸ் இணைப்புக்கான நம்பர் எம்பிஆர்என், 6 முதல் 10 இலக்கம். கூடவே குத்தகைப் பத்திரம், குடிவந்த அன்று எடுத்த மீட்டர் போட்டோ. ரீடிங் மட்டும் தெரிகிற போட்டோ செல்லாது என்று திருப்பிவிடலாம்; பார்கோடு அருகே இருக்கும் சீரியல் நம்பரும் அதே படத்தில் விழவேண்டும்.

அந்த சீரியல் நம்பரில்தான் இன்னொரு வம்பும். பெரிய பழைய வீட்டை ஃப்ளாட்டுகளாகப் பிரித்திருந்தால் மாடிப்படிக்குக் கீழே நாலைந்து மீட்டர் வரிசையாக இருக்கும். எது யாருடையது என்று ஒட்டிய சீட்டை நம்பாதீர்கள். நம் ஃப்யூஸ் பாக்ஸில் மெயினை அணைத்தால் நம் மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்குவது நிற்கவேண்டும். மீட்டரில் '1000 இம்ப்' (யூனிட்டுக்கு 1000 மினுக்கல்) என்று போட்டிருந்தால், மெயினைப் போட்டு 3 கிலோவாட் கெட்டிலை மட்டும் ஓடவிட்டால் நிமிடத்துக்கு 50 தடவை மினுக்கும். நம் கெட்டிலுக்குப் பக்கத்து ஃப்ளாட்டின் மீட்டர் இப்படி மினுக்கினால், கதையே வேறு. போட்டோவோடு உடனே எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேஸ் மீட்டரில் கன அடியா கன மீட்டரா என்றும் பாருங்கள். கன மீட்டரில் 100 யூனிட் என்பது ஏறக்குறைய 1120 கிலோவாட் மணி. அதையே பழைய கன அடி மீட்டர் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 2.83 மடங்கு, 3170ஐத் தாண்டும். பில் மூன்று மடங்காகத் தெரிந்தால் பாய்லரைக் குறைசொல்லும் முன் இதைச் சரிபாருங்கள்.

முன்பணம் போட்டு ஓட்டும் ப்ரீபேமென்ட் மீட்டர் என்றால், பணம் ஏற்றும் கீ பழையது டிராயரில் கிடந்தால் அதில் டாப்-அப் செய்யவே கூடாது. முன்னவர் கடனை நம் காசிலிருந்து கழித்துக்கொண்டே போகும். புதுக் கீ கேளுங்கள்.

கோபத்தில் உடனே வேறு கம்பெனிக்கு மாறப் பார்த்தால் அதுவும் சிக்கலாம். 28 நாளுக்கு மேல் பாக்கி இருந்தால் பழைய கம்பெனி தடுக்க முடியும், முன்னவர் பாக்கியை நம்முடையது என்று நினைத்தும் தடுப்பார்கள். ஆள் மாறியதைப் பதிவு செய்தபிறகு மாறுங்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்பதும் வேண்டாம். 12 மாதத்துக்கு முந்தைய கரண்டுக்குப் புதிதாக பில் போடக்கூடாது என்ற விதி, வேண்டுமென்றே ஒத்துழைக்காதவரைக் காப்பாற்றாது.

புகாரை மின்னஞ்சலிலேயே போடுங்கள், தேதி நிற்கும். 8 வாரம் தாண்டினாலோ, இதற்கு மேல் எங்களால் முடியாது என்று கம்பெனி சொல்லும் 'டெட்லாக்' கடிதம் வந்தாலோ, புகார்களை விசாரிக்கும் நடுநிலை அமைப்பான எனர்ஜி ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். எனக்கு அதுவரை போகவில்லை. ஏழாவது வாரம் திருத்திய பில் வந்தது: தொடக்க ரீடிங் 48213, பக்கத்தில் 'சி'.