பிள்ளையளுக்கு ஒரு விடுமுறை வேலை

அமெரிக்காவில பல பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில மாணவரைச் சேர்த்து, காயங்களையும் வன்முறையையும் எப்பிடித் தடுக்கிறது எண்டு ஆராயப் பழக்குது. உதவித்தொகை குடுக்கிற இடங்களும் இருக்கு. எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்கும் இப்பிடி வாய்ப்பு வேணும் எண்டு மனசார ஆசைப்படுறன்.

ஆராய இஞ்ச என்ன குறை? பனையால விழுந்து முள்ளந்தண்டு முறிஞ்ச சீவல் தொழிலாளி, கட்டில்லாத தோட்டக் கிணறு, பின்லைற் இல்லாமல் இரவில ஓடுற லாண்ட்மாஸ்ரர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின். நாங்கள் "விதி" எண்டு சொல்லிப்போட்டு செத்தவீட்டு எட்டுச் செலவோட விட்டுடுறம். மரமேறக் காலில போடுற தளநார் அறுந்ததோ, மரம் மழையில ஈரமோ, எவ்வளவு உயரமோ எண்டு ஆராவது கேட்டு எழுதிவைச்சாத்தானே அடுத்தவரைக் காப்பாத்தலாம்!

கணக்கெடுத்தா என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட நாடே சாட்சி. 1995இல இலங்கையில தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 அளவில இருந்தது. கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அந்த ஆண்டும் 1998இலும் தடுத்தாப்பிறகு, 2005 ஆகேக்க அது பாதியாக் குறைஞ்சிட்டுது. எத்தினை வீட்டுப் பிள்ளையள் தப்பியிருக்கினம்!

மருத்துவபீடத்து ஆசிரியர்மார் ஆராவது வாசிச்சா, விடுமுறையில நாலு பிள்ளையளையாவது கூட வைச்சுப் பழக்குங்கோ. ஏ.எல் எழுதிப்போட்டு நிக்கிற பிள்ளையளும் கேளுங்கோ, கூச்சப்படாதேங்கோ.