சோலையில் காத்திருப்பது

காலை ஆறு மணிக்குத் தொட்டபெட்டா சாலையோரம் ஜீப்பை நிறுத்தினால் முதலில் கேட்பது நீலகிரி சிரிப்பான் பறவையின் குரல்தான். புதருக்குள் கூட்டமாக இரை தேடும். அதைக் காட்டுவது எளிது. அப்புறம்தான், பறவை பார்க்க வந்தவர்கள், "அண்ணே, நீல ராபின் சத்தத்தை போன்ல போடுங்களேன், வெளியே வரும்" என்பார்கள்.

கைடாவதற்கு முன் சில ஆண்டுகள் மலைச் சோலைக்காட்டுப் பறவை ஆய்வில் உதவியாளனாக இருந்தேன். விடியுமுன் வலை கட்டுவோம். விழுந்த பறவையைத் துணிப்பையில் வைத்து எடை பார்த்து, இறக்கையை அளந்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிடுவோம். அந்தச் சில நிமிடம் அதன் நெஞ்சு அடிக்கிற வேகம் என் விரல்களில் தெரியும். இன்றும் மறக்கவில்லை.

மலை மலையாகச் சேகரித்த மரபணுவைப் படித்துத்தான், இந்த நீல ராபின்கள் தனிப் பேரினம் என்று 2017-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வைத்த பெயர் 'ஷோலிகோலா', சோலையில் வாழ்வது என்று பொருள். நம் சொல் அறிவியல் பெயராகிவிட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே ஆனைமலை, பழனிப் பக்கம் வேறு இனம். நடுவில் இருக்கிற தாழ்நிலத்தை இவை தாண்டுவதில்லை. இருக்கிற சோலைத் துண்டுதான் இவற்றுக்கு எல்லாமே.

இவ்வளவு தெரிந்தும் ஒரு மே மாதம் அந்தத் தப்பைச் செய்தேன். பெரிய லென்ஸோடு வந்த ஒருவருக்காகத் திரும்பத் திரும்ப ஒலியைப் போட்டேன். ராபின் வெளியே வந்தது. அலகில் ஒரு புழு. குஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டியது. தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டதென்று நினைத்து, புழுவோடு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடமாகியும் கூட்டுக்குப் போகவில்லை. வந்தவருக்குப் படம் அருமையாக அமைந்தது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிரவே போனிலிருந்து அந்த ஒலியை அழித்தேன். சிலர் வருவதாகச் சொல்லியிருந்ததை ரத்து செய்தார்கள். சரி, போகட்டும். வருகிறவர்களை ஓடையோரம் பேசாமல் உட்காரவைக்கிறேன். சில நாள் ஒன்றும் வராது. வருகிற நாளில் ஈரச் சருகின் மேல் தத்தித் தத்தி வரும், எங்களைப் பொருட்படுத்தாமல் பூச்சி பொறுக்கிக்கொண்டு.