பத்து வரி பேக்ட்ரேஸுக்கு இரண்டு ராத்திரி

எக்ஸ்வி6 என்பது எம்.ஐ.டி.யில் ஓஎஸ் பாடத்துக்காக எழுதிய சின்ன கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி. அதன் ட்ராப்ஸ் (ஓடும் புரோகிராமை நிறுத்தி கெர்னலுக்குள் தாவுவது) பயிற்சியில் பேக்ட்ரேஸ் என்று ஒரு கேள்வி உண்டு. கெர்னலுக்குள் ஓரிடத்தில் நின்றுகொண்டு, என்னைக் கூப்பிட்ட ஃபங்ஷன் எது, அதைக் கூப்பிட்டது எது என்று பின்னோக்கி அச்சிட வேண்டும். எழுத வேண்டியது பத்து வரிதான். எனக்கு இரண்டு ராத்திரி போனது. படம் வரையாமல் நேரே கோட் அடிக்க உட்கார்ந்ததுதான் காரணம்.

விஷயம் இவ்வளவுதான். ஓடும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில் ஃபிரேம் என்று ஓரிடம் உண்டு. எக்ஸ்வி6 ஓடும் ரிஸ்க்-ஃபைவ் பிராசஸரில் எஸ்0 ரெஜிஸ்டர், அந்த இடத்தைக் காட்டும் ஃபிரேம் பாயின்டர். அதற்கு 8 பைட் கீழே ரிட்டர்ன் அட்ரஸ் இருக்கும். 16 பைட் கீழே, கூப்பிட்ட ஃபங்ஷனின் ஃபிரேம் பாயின்டர் இருக்கும். முதலாவதை அச்சிட்டு, இரண்டாவதுக்குத் தாவி, திரும்பவும் அதையே செய்ய வேண்டும். ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வதால் ஏற ஏற முகவரி பெரிதாகும்.

எங்கே நிற்பது? பூஜ்யம் வந்ததும் நிற்கலாம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பூஜ்யம் வரவில்லை. சங்கிலியின் உச்சியில் இருப்பது யூசர்ட்ராப், யூசர் புரோகிராமிலிருந்து கெர்னலுக்குள் வந்ததும் ஓடும் ஃபங்ஷன். அது சேமித்து வைத்திருக்கும் எஸ்0, யூசர் புரோகிராம் விட்டுவிட்டு வந்த மதிப்பு. அந்த முகவரி கெர்னல் பேஜ் டேபிளில் (எந்த முகவரி மெமரியில் எங்கே என்று சொல்லும் அட்டவணை) இல்லை. தொட்டதும் ஸ்காஸில் (ட்ராப்பின் காரணத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர்) 13, அதாவது லோட் பேஜ் ஃபால்ட், உடனே பேனிக், கெர்னலையே நிறுத்திவிடும் ஃபங்ஷன்.

கூத்து அதற்குப் பிறகுதான். உபயோகமாக இருக்குமே என்று பேனிக்குக்குள்ளும் பேக்ட்ரேஸைக் கூப்பிட்டு வைத்திருந்தேன். பேனிக் பேக்ட்ரேஸைக் கூப்பிட, அது அதே சங்கிலியில் ஏறி அதே இடத்தில் விழ, மறுபடியும் பேனிக். அதே வரிகள் திரும்பத் திரும்ப ஓடி, கடைசியில் எல்லாம் உறைந்து நின்றது. ஒரு பிழையைப் பிடிக்கும் கருவியிலேயே பிழை இருந்தால் எதை வைத்துப் பிடிப்பது?

காகிதத்தில் ஒரு பெட்டி வரைந்த பிறகுதான் விடை கிடைத்தது. எக்ஸ்வி6இல் ஒவ்வொரு பிராசஸின் கெர்னல் ஸ்டாக்கும் ஒரே ஒரு பேஜ், 4096 பைட். தொடங்கும் ஃபிரேம் பாயின்டரை பேஜின் மேல் விளிம்புக்கு உயர்த்தினால் எல்லை தெரிந்துவிடும். ஃபிரேம் பாயின்டர் அந்த எல்லையைவிடச் ‘சிறியது’ என்று மட்டும் ஒப்பிடுங்கள், ‘சமம்’ சேர்க்காதீர்கள். கடைசி ஃபிரேமின் பாயின்டர் சரியாக அந்த விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும். சரியாக எழுதினால் ஸ்லீப் சிஸ்டம் காலுக்கு மூன்று முகவரிகள் வரும்.

வைவாவில் இதைக் கேட்கவில்லை. “அட்ர்2லைன் (முகவரியை சோர்ஸ் கோட் வரியாக மாற்றும் கருவி) சில சமயம் கூப்பிட்ட வரியை விட்டுவிட்டு அடுத்த வரியைக் காட்டுகிறதே, ஏன்?” என்றார்கள். ரிட்டர்ன் அட்ரஸ் என்பது திரும்பி வந்து தொடர வேண்டிய இடம், கூப்பிட்ட இடமல்ல. ஒன்றைக் கழித்துவிட்டுக் கொடுத்தால் சரியான வரி வரும். படம் வரைந்திருந்ததால் தப்பித்தேன்.

லினக்ஸுக்குப் போனால் ஃபிரேம் பாயின்டரையே பல பில்டுகளில் காண முடியாது. எக்ஸ்86-64இல் 2017இல் வந்த 4.14 முதல் ஆர்க் அன்வைண்டர் இருக்கிறது. கம்பைல் ஆகும்போதே தயாரித்து வைத்த அட்டவணையைப் பார்த்து அது ஸ்டாக்கில் ஏறுகிறது. அட்டவணைக்கு 2 முதல் 4 எம்பி மெமரி போகும். பதிலுக்கு, ஒவ்வொரு ஃபங்ஷனும் பாயின்டரைச் சேமிக்கும் வேலை மிச்சம்.

கெர்னலில் பிழை நேரும்போது லினக்ஸ் அச்சிடும் ஊப்ஸ் செய்தியைப் படிக்கும்போது கேள்விக்குறி போட்ட வரிகளை ஆரம்பத்தில் தாண்டிவிடுங்கள். ஸ்டாக்கில் ஃபங்ஷன் முகவரி போல ஏதோ கிடந்தது, ஆனால் அன்வைண்டர் அதை உறுதி செய்யவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பெரும்பாலும் முன்பு ஓடி முடிந்த கால்களின் மிச்சமாக இருக்கும். ஒரு முறை அப்படி ஒரு வரியை நம்பி, சம்பந்தமே இல்லாத டிரைவரைப் பாதி நாள் குடைந்தேன்.

இன்லைன் ஆன (கூப்பிட்ட ஃபங்ஷனுக்குள்ளேயே கம்பைலர் சேர்த்துவிட்ட) ஃபங்ஷன்களும் செய்தியில் தெரியாது. டிகோட்_ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்டுக்கு, டீபக் தகவலோடு பில்ட் செய்த விஎம்லினக்ஸ் என்ற கெர்னல் கோப்பைக் கொடுத்தால் அவையும் வெளியே வரும். ஆனால் அது விழுந்த கெர்னலின் அதே பில்டாக இருக்க வேண்டும். கான்ஃபிக்கை மாற்றி மறுபடி பில்ட் செய்வதற்கு முன் பழைய கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.