அந்த ஒரு வாய் காபியால் வீணான நாள்

மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பேரனும் பேத்தியும் நாலு வருஷமாக என்னிடம்தான். எனக்கு 63 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசாகிவிட்டது என்றே விட்டிருந்தேன். ஆடி மாசம் தெருவில் நடந்த முகாமில் பார்த்தால் பிரஷர் 170/100.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். பிள்ளைகளை வேன் ஏற்றிவிட்டு ஓடினேன். சீட்டு போடுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வெறும் வயிறா?" என்றார். ஐந்து மணிக்கு எழுந்து இட்லி ஊற்றும்போதே காபி குடித்துவிடுவேன், வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று முகாமில் யாரும் சொல்லவும் இல்லை. நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார். சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைக்குத்தான் அது தேவை, பிரஷர் பார்க்கத் தேவையே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. கேட்டு நின்றிருந்தால் அன்றைக்கே மாத்திரை கிடைத்திருக்கும். மறுநாள் பேரனுக்குக் காய்ச்சல். நான் திரும்பப் போக மூன்று வாரம் ஆயிற்று, அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாசத்தில் கால் வீங்கியது, செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறையவில்லை. நானாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாரும் இதைச் செய்யாதீர்கள். பத்தாம் நாள் பள்ளிக்கூட வாசலில் தலை சுற்றி, பேத்தி கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரஷர் பழையபடி ஏறியிருந்தது. "வீக்கம் வந்தா இங்க வந்து சொல்லுங்கம்மா, வேற மாத்திரை மாத்தித் தருவோம்" என்றார் நர்ஸ். மாற்றியும் தந்தார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் என் பெயரைச் சேர்த்ததும் அவர்தான். தன்னார்வலர் மாசாமாசம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார். தனியாகப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறைத்தேன், அது சுலபம். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கிற அப்பளத்தையும் ஊறுகாயையும் வீணாகிறதே என்று வாயில் போடுவேன் பாருங்கள், அதை விடத்தான் பாடுபட்டேன்.

நெஞ்சு அழுத்தம், தாடை வலி, குளிர் வியர்வை என்று வந்தால் பிள்ளைகள் வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் எனக்குப் பயமே. எதிர்வீட்டு அக்காவிடம் பேசி ஒரு சாவி கொடுத்துவிட்டேன், மகள் நம்பரைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறேன்.