பவளத்துக்கு எக்ஸ்ரே

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நாள் முழுக்க எலும்புதான். ஆராய்ச்சி மாணவி ஒருவர் வனத்துறை அனுமதிக் கடிதத்தோடு வந்து, மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளத் துண்டுகளைப் படமெடுக்க முடியுமா என்று கேட்டபோது, சரி என்று சொல்லிவிட்டேனே தவிர அதில் என்ன தெரியப்போகிறது என்று பிடிபடவில்லை.

போரைட்டிஸ் என்ற வகை, விரல் தடிமன்கூட வராமல் மெல்லிசாக அறுத்தது. கதிரின் ஊடுருவும் வேகத்தைத் தீர்மானிக்கிற கேவியைக் குறைத்து எடுத்தேன். மானிட்டரில் வெளுப்பும் கறுப்புமாக வரி வரியாக வந்தது. ஒரு வெளுப்பும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் ஒரு வருஷம். வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளருமாம். எக்ஸ்ரேயில் இப்படி வயது பார்க்கலாம் என்று 1972-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கோடு ஒன்று தனியாகப் பளிச்சென்று தெரிந்தது. "அது சூடு கண்ட வருஷம் அண்ணா" என்றார். கடல் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளத்துக்குள்ளேயே இருந்து அதற்குச் சாப்பாடு தருகிற நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்து, வளர்ச்சி தடைபட்ட இடம் இப்படி அடர்ந்த கோடாகப் பதிந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 மூன்றுமே பெரிய வெளுப்பு கண்ட வருஷங்கள்.

சூடு கோடு போட்டுவிடும், ஆனால் கடல் தண்ணீரில் கூடுகிற அமிலத்தன்மை அப்படிக் கோடு எதுவும் போடாது. எனக்கு உறைத்தது அதுதான். நாம் விடுகிற கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் இழுத்துக்கொள்ள, மேல்தண்ணீரின் பிஎச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடியதாக அர்த்தம்) 8.2-லிருந்து 8.1 ஆகியிருக்கிறது. கேட்கச் சின்ன எண், ஆனால் ஹைட்ரஜன் அயனி கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிவிட்டது, அது கார்பனேட்டைப் பிடித்துக்கொள்வதால் பவளம் கூடு கட்டுவதற்கான சரக்கு குறைகிறது. 2018-ல் வந்த ஓர் ஆய்வின்படி போரைட்டிஸ் உயரத்தை விடுவதில்லை, கட்டிய கூட்டைத் தடிமனாக்குவதைத்தான் விடுகிறது. வயதான அம்மாக்களின் இடுப்பெலும்புப் படத்தில் நான் தினமும் பார்ப்பது இதே கதை, அளவு குறையாது, உள்ளே அடர்த்தி போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்து நல்லா வளருது என்று சொன்னால் நம்பவே கூடாது.

அப்போது தோள்பட்டை வலியோடு காத்திருந்த குளச்சல்காரர், சிப்பி எடுக்க முங்குகிறவர், மானிட்டரைப் பார்த்து "யாருக்க எலும்பு மக்கா இது?" என்றார். விவரம் சொன்னேன். "அப்போ சிப்பி ஓட்டுக்கும் இந்தக் கேடு உண்டுமா?" என்று உடனே கேட்டார். அந்த ஓடும் கால்சியம் கார்பனேட்தான், குஞ்சுப் பருவத்தில்தான் அதிகம் தாக்கும் என்று மாணவி சொன்னார். குளச்சல், கடியப்பட்டணம் பாறைகளில் வருஷம் முழுக்கத் தண்ணீரை அளந்து, முங்குகிறவர்களிடமே அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டேன். வழிகாட்டியிடம் பேசுவதாகச் சொல்லி, குளச்சல்காரரின் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டார் மாணவி.